மூடிய கதவுக்குள் பேசிய விலை

பிப்ரவரி 11, செவ்வாய்

இன்றும் கதவைச் சாத்திக்கொண்டுதான் நகர மன்றக் கூட்டம். ஊருக்கு மொத்தமாக மின்சாரம் விற்கும் கம்பெனியின் ஆள் பத்து வருட ஒப்பந்தத்தோடு வந்திருந்தார். விலை மாறாது; ஆனால் இப்போதைவிட அதிகம். அதை நகரம் வாங்கி வீடுகளுக்கு விற்பதில் மிஞ்சுவதைத்தான் இத்தனை காலம் பள்ளிகளுக்குக் கொடுத்து வந்தோம். இனி மிஞ்சாது.

அவர் போனதும் மேயர் டாலிவர் சொன்னார்: "வீட்டு பில்லை ஏத்தணும், இல்லன்னா ஒரு பள்ளியை மூடணும். மேப்பிள் தெரு பள்ளின்னு பேச்சு."

மற்ற உறுப்பினர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் மனைவி கோரின் அங்கேதான் இரண்டாம் வகுப்பு டீச்சர்.

"வெர்னன், விலை பேசி முடியற வரைக்கும் இது வெளிய போகக் கூடாது. உன் வீட்டுக்கும்தான்," என்றார் மேயர்.

பிப்ரவரி 12

"நேத்து என்ன பேசினீங்க?" என்றாள் கோரின். மின்சாரம் என்றேன்.

"அது தெரியுது. ஷாக் அடிச்ச மூஞ்சி."

சிரித்து வைத்தேன்.

பிப்ரவரி 27

திருமதி யூபாங்க்ஸ் டயர் மாற்ற என் கடைக்கு வந்தார். நிலையான ஒப்பந்தம் இல்லாததால், ஜனவரிக் குளிரில் நகரம் வெளிச்சந்தையில் கேட்ட விலைக்கு மின்சாரம் வாங்கியது. எல்லோருக்கும் பில் இரண்டு மடங்கு.

"சமையல்கட்டுல மட்டும் ஹீட்டர் போட்டு அங்கயே படுத்துக்கிட்டேன். ஃபிரிட்ஜ் குறட்டை விடுது. அதுக்கு என் வீட்டுக்காரரே தேவலை."

அவர்தான் சிரித்தார். ஒப்பந்தம் வேண்டும். பில்லும் ஏறக் கூடாது. அப்படியென்றால் — எழுத வரவில்லை.

மார்ச் 22, சனி

கோரின் வகுப்பறைச் சுவருக்குத் தன் காசில் பெயின்ட் வாங்கி வந்தாள். மஞ்சள்.

"லீவுல அடிச்சிடலாம். நீ ஏணி பிடிக்கிறியா?"

பிடிக்கிறேன் என்றேன். ஏன் சொன்னேன்? வேறென்ன சொல்வது?

ஏப்ரல் 8

கம்பெனி விலையைக் கொஞ்சம் இறக்கியது. போதாது. கையெழுத்தாகிவிட்டது.

ஏப்ரல் 22

நகர பட்ஜெட் இன்று வெளியானது; மேப்பிள் தெரு பள்ளியை மூடும் யோசனை அதில் இருக்கிறது. கோரின் கடைக்கே வந்துவிட்டாள். நான் ஒரு வண்டிக்கு அடியில் கிடந்தேன். அவள் செருப்புதான் முதலில் தெரிந்தது.

"எப்பலருந்து தெரியும்?"

"பிப்ரவரி."

"அப்ப, பெயின்ட் வாங்கினப்பவே தெரியும்."

எழுந்து நின்றேன்.

"பேசக் கூடாதுன்னு சொல்லியிருப்பாங்க, சரி. ஏணி பிடிக்கிறேன்னு ஏன்டா சொன்ன?"

போய்விட்டாள். சத்தம் போட்டிருந்தால் தேவலை.

மே 13

மன்றத்தில் மக்கள் பேசும் நேரம். கோரின் எழுந்து மைக்குக்கு வந்தாள். என்னைப் பார்க்கவில்லை.

"பில்லைக் கொஞ்சம் ஏத்துங்க. கட்ட முடியாதவங்களுக்கு மட்டும் குறைங்க. பள்ளியும் தப்பிக்கும். இந்தக் கணக்கை யாராச்சும் போட்டுப் பாத்தீங்களா?"

யாரும் போடவில்லை. நானும்தான். மூன்று மாதம் அந்த அறையில் உட்கார்ந்து என்னதான் செய்தேன்?

பள்ளியை மூடுவதா என்ற ஓட்டெடுப்பில் இரண்டுக்கு இரண்டு. கடைசி ஓட்டு என்னுடையது. போடாத கணக்கை நம்பி யூபாங்க்ஸ் வீட்டு பில்லை ஏற்ற எனக்குத் துணிவில்லை. மூட ஓட்டுப் போட்டேன்.

மே 14

சாப்பாட்டு மேசையில் அவள் தட்டு மட்டும்தான்.

ஜூன் 6

மேப்பிள் தெரு பள்ளியில் கடைசி நாள். அந்தப் பக்கம் போகாமல் மூன்று தெரு சுற்றிக்கொண்டு கடைக்குப் போனேன்.

ஜூன் 15, ஞாயிறு

கோரின் நவம்பர் தேர்தலில் நிற்கிறாள். என் இடத்துக்கு. வேட்புமனுவுக்கு வேண்டிய வாக்காளர் கையெழுத்துகளை சர்ச் வாசலில் நின்று வாங்குகிறாள் என்று டயர் மாற்ற வந்தவர்கள்தான் சொன்னார்கள்.

இன்று காலை மனுவை என் முன்னால் வைத்தாள்.

"செவ்வாய்க்கிழமை கடைசி நாள். சிலது செல்லாமப் போகும், கூடுதலா வாங்கிட்டிருக்கேன்."

"என்கிட்டயா?"

"நீயும் இந்த ஊர் வாக்காளர்தானே."

"ஜெயிச்சா முதல்ல என்ன பண்ணுவ?"

"அந்தக் கணக்கைப் போடச் சொல்வேன். கதவைத் திறந்து வெச்சுக்கிட்டு."

கையெழுத்துப் போட்டேன். பக்கத்தில் முகவரி கேட்டிருந்தது. எங்கள் வீட்டு எண்ணை எழுதினேன். அவள் வாங்கிச் சரிபார்த்தாள். அடுப்புப் பக்கம் போய், திரும்பாமலே கேட்டாள்:

"முட்டை ஒண்ணா, ரெண்டா?"