விரால் கம்பின் அடித்துண்டு

போன வாரம் ஒருநாள் காலை இன்னொரு பெட்டி வந்து சேர்ந்தது. நீளமான அட்டைப்பெட்டி. ஓரத்தைக் கத்தியால் கீறியதும் அந்த வாசனை வந்தது. புது ரப்பரும் பசையும் வார்னிஷும் கலந்த வாசனை. திருநெல்வேலிக் கடையில் ஒவ்வொரு தூண்டில் கம்பையும் மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் முகர்ந்துவிட்டு, "இது குடோன்ல கெடந்த சரக்கு வே, எடுத்து உள்ள வைக்கச் சொல்லும்" என்று கடைக்காரர் காதுபடவே சொன்னீரே, அந்த வாசனை. கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. கம்பை உருவி வெளியே எடுத்தேன். தூண்டில் நரம்பு ஓடுகிற நுனி வளையம் கோணிப்போய் இருந்தது. சந்தோஷம் அதோடு சரி.

என் வீட்டுக்காரி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "இதையும் திருப்பி அனுப்பணுமா?"

"ஆமா."

"மார்க்கெட்ல ஒரு விரால வாங்கிட்டு வந்தா சோலி முடிஞ்சது. வீடு பூரா அட்டையாக் கெடக்கு."

அவள் சொல்வதில் தப்பில்லை. எரிச்சல் அவள் மேல் இல்லை. கோணல் வளையத்தை அனுப்பியவன் மேல்கூட அவ்வளவாக இல்லை. உம் மேல்தான். செத்துப்போனவர் மேல் கோபப்படக்கூடாது என்பார்கள். அப்படிச் சொல்கிறவர்கள் யாரும் உம்மோடு சேர்ந்து ஒரு கம்பு வாங்கியதில்லை.

உமக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் ஒருதரம் முழுதாகச் சொல்லித் தீர்த்தால்தான் மனசு ஆறும்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் உமக்கு இரும்புக் கடை. எனக்குச் சொந்தமாக நாலைந்து தறி. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நீர் சட்டை மாற்றிக்கொண்டு வந்தால், இருவரும் என் பைக்கில் ராயகிரிப் பக்கத்துக் குளத்துக்குப் போய்விடுவோம். புழு மாட்டிக் காத்திருக்கும் பொறுமை நம் இருவருக்குமே கிடையாது. நமக்கு விரால்தான். ரப்பர் தவளையைத் தாமரை இலை மேல் வீசித் தத்தித் தத்தி இழுத்துவந்தால், அடியில் கிடக்கிற விரால் இலையைக் கிழித்துக்கொண்டு வந்து அடிக்குமே, அந்தச் சத்தத்துக்காகப் போவோம். மலிவாக வாங்கிய கம்புகள் அந்த அடியில் படபடவென்று ஒடிந்தன. ஒவ்வொருதரம் ஒடிந்தபோதும் நீர் என்னைத்தான் முறைத்தீர்.

கடைசியில் நல்ல கம்பே வாங்கிவிடுவது என்று முடிவு செய்து திருநெல்வேலிக்குப் போனோம். "விலையும் நம்ம கழுத்த நெரிக்கக் கூடாது, கம்பும் குளத்துல காலை வாரக் கூடாது" என்று பஸ் ஏறும்போதே சட்டம் போட்டீர். அந்தக் கடையில் பெட்டிக்குப் பெட்டி ஒரு வெளிநாட்டு மீன் வாயைப் பிளந்துகொண்டு துள்ளுகிற படம். நீர் அதை விரலால் தட்டிக் கேட்டீர்: "இது என்ன மீனு?"

"பாஸ் மீன் அண்ணாச்சி. அமெரிக்காவுல பிடிக்கது."

"எங்கன கெடக்கும்?"

"புல்லுக்குள்ள, பாசிக்குள்ள ஒளிஞ்சு கெடந்து அடிக்கும்."

"அப்ப நம்ம விரால் சாதிதான். கம்பு நமக்குத்தான் செஞ்சிருக்கான். படத்தத்தான் மாத்திப் போட்டுட்டான்."

கடைக்காரர் சிரித்தார். அந்தச் சிரிப்பு அதிக நேரம் நிற்கவில்லை. லேசான கார்பன் என்று எழுதிய ஒவ்வொரு கம்பையும் கையில் ஏந்திக் கனம் பார்த்து, எழுத்தை நம்பாமல் பாதியைத் தள்ளிவைத்தீர். நான் தறியிலிருந்து கொண்டுபோயிருந்த பருத்தி நூலை ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் விட்டு இழுத்துப் பார்த்தேன். நூல் எங்கே பிசிறடிக்கிறதோ அந்த வளையத்துக்குள் கீறல் இருக்கும். நாளைக்கு நரம்பை அதுதான் அறுக்கும். தறிக்காரனுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டாம். நீர் பார்த்துக்கொண்டே நின்றீர். பிறகு கடைக்காரரிடம் திரும்பி, ஏதோ நீரே கண்டுபிடித்த வித்தை மாதிரி விளக்கம் சொன்னீர். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அதற்குப் பிறகுதான் நம் சண்டை ஆரம்பித்தது. நீர் நுனிக்கட்சி. கம்பின் நுனி மெலிந்து வளைந்து கொடுத்தால்தான் லேசான தவளை தூரம் போகும், இலை மேல் உயிருள்ளதுபோலத் தத்தும் என்பீர். நான் அடிக்கட்சி. அடியில் முறுக்கு இல்லாவிட்டால் கடித்த விராலைத் தாமரைக் கொடிக்குள்ளிருந்து எப்படி வெளியே இழுப்பது?

"நுனிதான் வே கம்பு. அடி வெறும் கைப்பிடி" என்றீர்.

"அப்ப நுனிய மட்டும் வாங்கிட்டுப் போம்" என்றேன்.

நுனியும் அடியும் சரியாக அமைந்த கம்பு அந்தக் கடையில் ஒன்றே ஒன்று இருந்தது. ஏழடிக் கம்பு, நடுவில் செருகும் இரண்டு துண்டு. தனியாக வாங்க உமக்கும் கட்டுப்படியாகவில்லை, எனக்கும் ஆகவில்லை. சேர்ந்து வாங்கினோம். திரும்பி வருகிற பஸ்ஸில், யார் வீட்டில் வைப்பது என்று அடுத்த சண்டை. உம்மிடம் கொடுத்தால் எனக்குச் சொல்லாமல் போவீர். என்னிடம் இருந்தால் நான் போவேன் என்று நீர் நினைத்தீர். சங்கரன்கோவில் வந்து இறங்கும்போது நுனித்துண்டு உம் கையில், அடித்துண்டும் நரம்பு சுற்றுகிற சுருளும் என் கையில். ஒருவரை விட்டு ஒருவர் மீன் பிடிக்க முடியாது. ஊரில் யாரும் இப்படி ஒரு கூத்து அடித்திருக்க மாட்டார்கள். ஆனால் அந்தக் கம்பு ஒடியவே இல்லை, அதைச் சொல்ல வேண்டும்.

போன ஆடியில் நீர் போனீர். கடையில் உட்கார்ந்தபடியே போனீர். நாள் பார்த்துப் போனீரா, பார்க்காமல் போனீரா? கோயிலில் ஆடித் தபசுக் கூட்டம். ரத வீதிப் பக்கமெல்லாம் தடுப்பு. உம் வண்டி கல்லறைத் தோட்டத்துக்குப் போக வழியில்லை. உம் வீட்டில் போதகர் ஜெபம் செய்துகொண்டிருந்த நேரத்தில், நான் தெருத் தெருவாக நடந்து ஒவ்வொரு தடுப்பிலும் காவலருக்குக் கும்பிடு போட்டுக்கொண்டிருந்தேன். வழி வாங்கிக்கொண்டு வந்தபோது பெட்டியை மூடியிருந்தார்கள். கடைசியாக உம் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு குளம் பக்கம் நான் போகவில்லை. இந்த வருஷம் மழை நன்றாகப் பெய்தது. குளம் நிரம்பிக் கரை தட்டி நிற்கிறது. தை பிறந்ததும் குத்தகைக்காரர் போன் செய்தார். "தண்ணி தெளிஞ்சுட்டு அண்ணாச்சி. விரால் பொளந்து கட்டுது. மாசி பிறந்தா வலை போட்டிருவேன். அதுக்கப்புறம் வந்தா தண்ணியத்தான் பாக்கணும்."

எனக்குப் போக வேண்டும். அவ்வளவுதான். இந்த வருஷம் போகாவிட்டால் இனி எந்த வருஷமும் போக மாட்டேன் என்று எனக்கே தெரிந்தது. தறிச் சத்தத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் அப்படியே கிழவனாகிவிடுவேன்.

உம் வீட்டில் போய் நுனித்துண்டைக் கேட்க வாய் வரவில்லை. செத்தவர் சாமானைக் கேட்டு வந்து நிற்கிறானே என்று மதினி நினைத்துவிட்டால்? திருநெல்வேலிக் கடைக்குப் போன் போட்டு, நுனித்துண்டு மட்டும் கிடைக்குமா என்று கேட்டேன். "செருப்புக் கடையில ஒத்தச் செருப்பு குடுப்பாங்களா அண்ணாச்சி? அந்தக் கம்பே இப்ப வாறதில்ல" என்றார். அதனால்தான் செல்போனில் தேடி வரவழைக்க ஆரம்பித்தேன். முதலில் வந்தது கார்பனாம். தூக்கினால் உலக்கை. அடுத்தது நுனியிலிருந்து அடிவரை வளைய மாட்டேன் என்று நின்றது. அதற்கு ஐந்து நட்சத்திரம் போட்ட ஒருவர், "பார்சல் சீக்கிரம் வந்தது" என்று எழுதியிருக்கிறார். கம்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கடைசியாக வந்தது கோணல் வளையம். படத்தில் பார்த்து நூல் விட முடியுமா? வளைத்துப் பார்க்க முடியுமா? பக்கத்தில் நின்று "வேண்டாம் வே" என்று சொல்ல ஆள் உண்டா?

பொறுக்க முடியாமல் அட்டையை அப்படியே போட்டுவிட்டு உம் வீட்டுக்குக் கிளம்பினேன்.

மதினி காபி கொடுத்தாள். உம் மகன் கடையைப் பார்த்துக்கொள்கிறானாம். எங்கெங்கோ சுற்றிவிட்டு விஷயத்துக்கு வந்தேன். அவள் முகம் மலர்ந்தது. அதுதான் எனக்குப் பகீரென்றது.

"அவுக கம்பா அண்ணாச்சி? அத அவுககூடவே வச்சு அனுப்பிட்டேன்லா. பைபிளு ஒரு பக்கம், கம்பு ஒரு பக்கம். மெத்தைக்கு அடியில வச்சு, ஞாயித்துக்கிழமைன்னா எடுத்துத் துடைச்சுக்கிட்டே இருப்பாக. வேற யாருக்கு அது?"

நான் வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். "மதினி, அது நுனித்துண்டுல்லா" என்றேன்.

"துண்டா?"

பாவம், அவள் முழுக் கம்பைப் பார்த்ததே இல்லை. நாம் குளத்தங்கரையில்தானே செருகுவோம்? வளையம் வைத்த மெல்லிய குச்சி. அதுதான் கம்பு என்று இத்தனை வருஷமும் நினைத்திருக்கிறாள். ஆளுக்கு ஒன்று வைத்திருக்கிறோம் என்று எண்ணம். நான் விளக்கியதும் அவள் கையிலிருந்த டம்ளர் தரைக்குப் போயிற்று.

"ஐயோ, அரைகுறையாவா குடுத்து அனுப்பிட்டேன்? அத வச்சு அவுக என்ன செய்வாக?"

அழ ஆரம்பித்துவிட்டாள். உம்மைப் புதைத்த அன்றைக்குக்கூட அவள் அப்படி அழவில்லை என்று உம் மகன் பிற்பாடு சொன்னான். பார்த்துப் பார்த்துச் செய்த காரியம் பாதியாகிப் போனதே என்கிற அழுகை அது. அதை நிறுத்த எனக்கு ஒரே ஒரு வழிதான் தெரிந்தது. அந்த வழியில் என்னைக் கொண்டுபோய் நிறுத்தியவர் நீர்தான்.

"மதினி, அழாதீக. நுனிதான் கம்பு. என்கிட்ட இருக்கது வெறும் கைப்பிடி. அத எங்கன வேணும்னாலும் ஒரு மூங்கில வெட்டிச் சொருகிக்கிடலாம். அவரு முக்கியமானதக் கொண்டுபோயிட்டாரு."

"நெசமாவா?"

"நெசமாத்தான். அவரே எத்தனை மட்டம் சொல்லியிருக்காரு."

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இத்தனை வருஷமாகக் குளத்தங்கரையிலும் டீக்கடையிலும் பைக்கிலும் நான் விட்டுக்கொடுக்காததை, நீர் இல்லாத இடத்தில், உம் மனைவி முன்னால் என் வாயாலேயே சொன்னேன். ஜெயித்துவிட்டீர் வே. நன்றாக இரும். தெருவுக்கு வந்து பைக்கை உதைத்தபோது எனக்கு வந்த ஆத்திரத்தில் செருப்பு கழன்று ஓடைக்குள் விழுந்தது. அழுகையும் வந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

பைக்கை பஸ் ஸ்டாண்டில் போட்டுவிட்டு நேரே பஸ் ஏறித் திருநெல்வேலிக்குத்தான் போனேன். கடைக்காரர் என் பின்னால் உம்மைத் தேடினார். சொன்னேன். எல்லாக் கம்பையும் எடுத்துப் போட்டார். ஒவ்வொன்றாக முகர்ந்தேன். நூல் விட்டேன். நுனியைக் கூரையில் அழுத்தி வளைத்தேன். ரொம்ப விலையும் இல்லை, மட்டமும் இல்லை. நடுத்தரமாக ஒன்று அமைந்தது. அடி முறுக்காகத்தான் இருக்கிறது. நுனி நீர் கேட்கிற அளவுக்குக் குழைகிறது. உம் காதுக்காகச் சொல்கிறேன், முதலில் பார்த்தது நுனியைத்தான். இதுவும் இரண்டு துண்டு. இரண்டும் இப்போது ஒரே வீட்டில், ஒரே மூலையில் கிடக்கின்றன. பார்க்கவே பிடிக்கவில்லை.

வாங்கி வந்த மறுநாளே சாயங்காலம் குளத்துக்குப் போனேன். காற்று இல்லை. தாமரை இலை கரைவரைக்கும் வந்திருந்தது. செருகி, நரம்பு கோத்து, தவளையைக் கட்டினேன். முதல் வீச்சே நன்றாகப் போனது. கொஞ்ச நேரத்தில் ஓர் இலை பிய்ந்து தண்ணீர் தெறித்தது. அடித்தது பெரிய விரால். வாய்க்குள் போக விடாமல் அவசரப்பட்டு இழுத்தேன். தவளை வெறுமனே பறந்து என் மார்பில் வந்து அடித்தது.

நம் முறை உமக்குத் தெரியும். ஒருவருக்குக் கடி தப்பினால் கம்பு அடுத்தவர் கைக்கு மாறும். என் கை தானாக இடப்பக்கம் நீண்டது. நீட்டியபடியே நின்றேன். வாங்க ஆளில்லை. வாயில் வந்ததையெல்லாம் சொல்லி உம்மைத் திட்டினேன். கரை முழுவதும் கேட்டிருக்கும்.

ஆனாலும் முறை முறைதானே? கம்பை இடப்பக்கத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். இலைக்கு அடியில் விரால்கள் அடித்துக்கொண்டே இருந்தன. நான் கம்பைத் தொடவில்லை. உமக்கோ கடி லேசில் தப்பாது; அது தப்பாமல் கம்பு என் கைக்குத் திரும்பாது. வெயில் இறங்கிற்று. கொக்குகள் மரத்துக்குப் போயின. கரை வழியாக வந்த குத்தகைக்காரர் என்னையும் கம்பையும் பார்த்துவிட்டு நின்றார்.

"என்ன அண்ணாச்சி, வீசலையா?"

"இல்ல. இப்ப அவரு முறை" என்றேன்.