பெயர் சொல்லாத சாட்சி

லிங்கராஜபுரம்,
பெங்களூர்.

அன்பு மகள் லவினாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. கர்த்தர் இதுவரை நடத்தினார், இனியும் நடத்துவார், நானும் உன் மகள் நிக்கோலும் சுகம், நீயும் மாப்பிள்ளை டிரேவரும் அந்தக் குவைத் வெயிலில் உடம்பைப் பார்த்துக்கொண்டு சுகமாக இருக்கத் தினமும் ஜெபிக்கிறேன். என்ன, அம்மா போனை விட்டுவிட்டுக் கடிதம் எழுதுகிறாளே என்று நினைப்பாய். இந்தச் சின்ன வீட்டில் போனில் பேசினால் நிக்கோல் காதில் விழாமல் இருக்குமா, அதோடு எனக்குக் காது மந்தமான பிறகு நான் பேசுவது தெருமுனைவரை கேட்கிறது என்கிறாள். மேல்வீட்டு க்ளென் குவைத்துக்குத் திரும்புகிறான், அவன் கையில் கொடுத்துவிடுகிறேன். முழங்கால் வலி அப்படியேதான், நீ கவலைப்படாதே, கோபம் வந்த பிறகு வலி தெரிவதில்லை.

நிக்கோலை யுனிவர்சிடியில் பியர் கவுன்சிலராகத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்தது உனக்குத் தெரியும். மனசு கஷ்டப்படுகிற பிள்ளை வாத்தியாரிடம் சொல்லாது, பெற்றவர்களிடமும் சொல்லாது, கூடப் படிக்கிற பிள்ளையிடம்தான் சொல்லும், அதனால் அந்தக் கூடப் படிக்கிற பிள்ளைக்குக் கேட்கக் கற்றுக்கொடுக்கிறார்கள். கேட்பதற்கு என்னடி பயிற்சி, காது இருந்தால் போதாதா என்று நான் சிரித்தேன். அப்படி இல்லை ஆயா என்று என்னையே எதிரில் உட்காரவைத்துப் பழகினாள். புத்தி சொல்லக் கூடாது, அழாதே என்று சொல்லக் கூடாது, நடுவில் நம் கதையை எடுக்கக் கூடாது, அவர்கள் கடைசியாகச் சொன்னதை மெதுவாகத் திருப்பிக் கேட்க வேண்டும், அவர்கள் சும்மா இருந்தால் நாமும் சும்மா இருக்க வேண்டும், நம்மால் ஆகாத கஷ்டமாக இருந்தால் பெரிய கவுன்சிலரிடம் கூட்டிப்போக வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சட்டம், அந்த அறையில் சொன்னது அறையை விட்டு வெளியே போகக் கூடாது. அதைப் பலகையில் பெரிதாக எழுதிப்போட்டவர் பயிற்சி நடத்திய ப்ரொபசர், நம் சபை ஞானசேகரன் சார். ஞாயிறு ஆராதனையில் வாரம் தவறாமல் எழுந்து, கர்த்தர் தன் வாழ்க்கையில் செய்தது இது என்று எல்லோர் முன்னும் சாட்சி சொல்வாரே, அவரேதான்.

பயிற்சியில் ஜோடியாக உட்கார்ந்து ஒவ்வொருவரும் தன் சொந்த விஷயம் ஒன்றைச் சொல்லிப் பழக வேண்டுமாம். முதல் வருஷம் வகுப்பில் பேச எழுந்து குரல் அடைத்துப்போனதையும், எல்லோரும் சிரித்ததையும், அதற்குப் பிறகு வகுப்புக்குப் பயந்து பஸ்ஸில் ஏறினால் யுனிவர்சிடி ஸ்டாப்பில் இறங்காமல் பீன்யா வரை போய்ச் சாயங்காலம் வரை அங்கேயும் இங்கேயும் சுற்றிவிட்டு வீட்டுக்கு வந்ததையும் நிக்கோல் சொல்லியிருக்கிறாள். அதுவரை யாருக்கும் தெரியாது, எனக்கே தெரியாது. பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அந்த மனுஷன் பயிற்சி முடிந்த விழாவில் என்ன செய்தார் என்று அழுதுகொண்டே அவளே உனக்குப் போனில் சொன்னாள். நான் பட்ட பாட்டை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போய் உட்கார்ந்து, பக்கத்தில் இருந்த கன்னடத்து அம்மாவிடம், அதோ பேட்ஜ் குத்திக்கொண்டு நிற்கிறாளே அவள்தான் நன்ன மொம்மகளு, என் பேத்தி, லிங்கராஜபுரத்திலிருந்து வருகிறோம், என் மகள் குவைத்தில் நர்ஸ் என்று பெருமையடித்து முடித்திருந்தேன். உடனே இவர் மைக்கைப் பிடித்து, பெயர் வேண்டாம், லிங்கராஜபுரத்திலிருந்து ஒரு பெண், தாய் குவைத்தில் நர்ஸ், வீட்டில் ஐந்தாவது மட்டும் படித்த ஆயா, பிள்ளை பேச்சைக் கேட்க ஆளில்லை என்று ஆரம்பித்துப் பீன்யா வரை பஸ் ஓட்டினார். அந்த அம்மா மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்து 'அய்யோ பாப' என்று பரிதாபப்பட்டாள். கையை நீட்டி அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பேச்சைக் கேட்க ஆளில்லையாம். செருப்பைக் கழற்றுவதற்குள் ஆரம்பித்துக் கண் மூடும்வரை அவள் பேசுவதை இத்தனை வருஷமாகக் கேட்பது யார், ஞானசேகரனா? வெளியே வந்து கேட்டதற்கு, "பேரச் சொல்லலியே ஆன்ட்டி, நம்ம சபையில சாட்சி சொல்ற மாதிரிதானே, நாலு பேருக்குப் பிரயோஜனம்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டேன்.

பிறகு நடந்தது கொடுமை. நிக்கோல் நடந்துபோனால் பையன்கள் கண்டக்டர் பஸ்ஸில் ஏறச் சொல்கிற மாதிரி 'பீன்யா பீன்யா, ஹத்ரீ ஹத்ரீ' என்று கூவினார்கள். அவளிடம் மனசு விட்டுப் பேச வந்துகொண்டிருந்த முதல் வருஷப் பெண் ஒருத்தி, "உங்ககிட்ட சொன்னா அதுவும் மேடைக்கு வந்துருமா அக்கா" என்று கேட்டுவிட்டு வருவதை நிறுத்திவிட்டாள். கிண்டலைப் பொறுத்துக்கொண்ட பிள்ளை இதில் உடைந்துபோனாள். பேட்ஜைக் கழற்றி வைத்துவிட்டு, எனக்கு இந்த வேலை வேண்டாம் ஆயா, என்னை நம்பி யார் வருவார்கள் என்றாள். பழிவாங்குவது கர்த்தர் வேலை என்று நீ சொல்வாய். கூடமாட உதவி செய்தால் வேண்டாமென்றா சொல்வார்.

சபை கமிட்டித் தேர்தல் வருகிறது, ஞானசேகரன் சார் நிற்கிறார். பெண்கள் ஐக்கியத்து ஓட்டெல்லாம் என் பேச்சில் இருப்பது ஊருக்கே தெரியும். அதனால் போன வாரம் அவரே என் வாசலுக்கு வந்தார். நிக்கோல் வீட்டில் இல்லை, நான் அவரைக்காய் உரித்து ஊறவைத்துப் பிதுக்கிக்கொண்டிருந்தேன். உட்காருங்கள் சார் என்று காபி கொடுத்து எதிரில் உட்கார்ந்துகொண்டேன். ஓட்டைப் பற்றிப் பேசினார், நான் தலையாட்டினேன். ரொம்ப அலைச்சலா சார் என்றேன். "அலைச்சல்தான் ஆன்ட்டி, வீட்லயும் நிம்மதியில்ல" என்றார். வீட்லயும் நிம்மதியில்லியா என்று அவர் சொன்னதையே திருப்பிக் கேட்டேன், பிறகு வாயைத் திறக்கவில்லை, பருப்பைப் பிதுக்கிக்கொண்டே இருந்தேன். மனுஷன் கொஞ்ச நேரம் காபியைப் பார்த்தார், பிறகு அணை உடைந்த மாதிரி எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். கைக்குட்டை நனைந்துபோயிற்று. நான் புத்தி சொல்லவில்லை, அழாதே என்றும் சொல்லவில்லை. பாவமாக இருந்ததா என்று கேட்காதே, இருந்தது, அதைவிட இனிப்பாக இருந்தது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தபோதுதான் தான் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்பது அவருக்கு உறைத்தது. "ஆன்ட்டி, நான் சொன்னது..." என்று இழுத்தார். நீங்க சொன்னது? என்றேன். "வெளிய போகாதில்ல?" வெளிய போகாதில்லியா? என்றேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. பேரு சொல்லமாட்டேன் சார், நம்ம சபையில ஒருத்தர், ப்ரொபசர், கமிட்டிக்கு நிக்கிறவருன்னு மட்டும் சொல்றேன், சாட்சி மாதிரிதானே, நாலு பேருக்குப் பிரயோஜனம் என்றேன். அப்படியே மறுபடி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நான் என்ன செய்யணும் ஆன்ட்டி என்று குழந்தை மாதிரி கேட்டார். என்னைக் கேட்காதீங்க, என் பேத்தியைக் கேளுங்க, கேட்காமல் வாயைத் திறந்ததுதானே உங்க தப்பு என்று அனுப்பினேன்.

கேட்டிருக்கிறார். இரண்டாம் அணிப் பிள்ளைகளுக்குப் பயிற்சி ஆரம்பித்த அன்று, நிக்கோல் சொன்னபடி அவள் பெயரும் இல்லாமல் கதையும் இல்லாமல், இங்கே சொன்ன ஒன்றை நான் கேட்காமல் வெளியே கொண்டுபோனேன், இந்தச் சட்டத்தை உங்களுக்குச் சொல்லித்தர எனக்குத் தகுதியில்லை என்று எல்லோர் முன்னும் சொல்லிவிட்டு, அந்தப் பாடத்தை அவள் கையில் கொடுத்துப் பின்னால் போய் உட்கார்ந்தாராம். பேட்ஜ் மறுபடி சட்டையில் ஏறிவிட்டது. அந்த முதல் வருஷப் பெண்ணும் நேற்று வந்தாளாம், என்ன பேசினாள் என்று நான் கேட்கவில்லை, கேட்டாலும் உன் மகள் சொல்லமாட்டாள்.

ஆனால் சார் திடீரென்று ஏன் திருந்தினார் என்று துருவித் துருவி என்னிடமிருந்து வாங்கிவிட்டாள். வந்தது பார் கோபம். "ஆயா, நீங்க என் ட்ரெய்னிங்ல இருந்திருந்தா மொத நாளே வெளிய அனுப்பியிருப்பேன்" என்றாள். அனுப்பு, வாசலில் உட்கார்ந்து அவரைக்காய் உரிக்கிறேன் என்றேன். சிரிக்கவில்லை. அவர் சொன்னது எந்த உயிருக்கும் தெரியக் கூடாது, அம்மாவுக்கும் கூடாது என்று என்னிடம் வாக்கு வாங்கினாள். கொடுத்துவிட்டேன், காப்பாற்றுவேன். அதனால் அது என்ன என்று நீ கேட்காதே. வாக்குக் கொடுத்த விஷயத்தை அவருக்குச் சொல்லிவிடு என்று மட்டும் அவள் கேட்க மறந்துவிட்டாள். நான் ஞாபகப்படுத்தவில்லை. சபையில் நான் இன்னாருக்காக ஜெபியுங்கள் என்று ஜெபக் குறிப்பு சொல்ல எழுந்தாலே இப்போது அவர் மனைவி யூனிஸ் கையிலிருந்து பாட்டுப் புத்தகம் விழுகிறது. ஓட்டும் கிடையாது.

மாப்பிள்ளையை ராத்திரி சோறு தள்ளிவைக்கச் சொல், நீ டியூட்டியில் தண்ணீர் குடிக்க மறக்காதே. கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் காப்பாராக. முக்கியமாக ஒன்று. யூனிஸ் உன் நம்பரை யாரிடமோ வாங்கியிருக்கிறாள், கட்டாயம் கூப்பிடுவாள். அம்மா ஏதாவது சொன்னார்களா என்று கேட்டால், அம்மா நீளமாகக் கடிதம் எழுதியிருக்கிறார்கள் அக்கா, இப்போதுதான் படிக்க உட்கார்ந்தேன் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிடு. அது பொய் இல்லை.

இப்படிக்கு,
உன் அம்மா
சலோமி