அனுப்புநர் ஜெசிந்தா

ஆவூரில் குழந்தைகளுக்குக் கவுன் தைத்து ஆன்லைனில் விற்கிறவள் ஜெசிந்தா. புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறுமுன், வீட்டில் டியூஷன் எடுக்கும் கணவன் அமல்ராஜுக்கு ஒரு சீட்டு எழுதினாள். முந்தின நாளிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை.

“சோறு வடிச்சிட்டேன். மீன்கொழம்பு சட்டியில இருக்கு. ஒங்க கொஸ்டின் பேப்பருக்காக பிரிண்டர்ல எதையோ மாத்தி வச்சிருக்கீங்க. லேபிள் எல்லாம் பின்கோடு இல்லாம வெட்டுப்பட்டு வருது. இருந்த ஸ்டிக்கர் பேப்பர் பூரா வீணாப்போச்சு, வாங்கத்தான் போறேன். கடைசி ஒண்ணுதான் உருப்படியா வந்துச்சு. அதை ஒட்டின பார்சல் மேசையில இருக்கு. மத்தியானம் கொரியர்காரர் வந்தா குடுத்துடுங்க.”

எழுதியும் அவளுக்கு மனம் ஆறவில்லை. விற்பனைக் கணக்கை அவன்தான் தொடங்கிக் கொடுத்தான். அதனால் லேபிளில் அனுப்புநராக அவன் பெயரும் நம்பருமே வந்துகொண்டிருந்தன. முந்தின நாள் ஓர் அம்மா போன் செய்து, “சார், நீங்க தச்ச கவுன் பிரமாதம்” என்றாள். அவனும் “தேங்க்ஸ்ங்க” என்று வைத்துவிட்டான். ஜெசிந்தா கேட்டதற்கு, “யார் பேரு இருந்தா என்ன? பார்சல் போய்ச் சேந்தாச் சரி” என்றான். அதில் மூண்டதுதான் சண்டை.

சீட்டில் இடமில்லை. அடியில் நெருக்கி எழுதினாள்.

“லேபிள்ல எம்பேரைப் போட்டுட்டேன். நம்பரும் என்னோடதுதான். பழைய லேபிளைப் பாத்து இனிமேயும் யாராச்சும் ஒங்களைக் கூப்பிட்டா, தச்சது எம் பொண்டாட்டின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. கோவத்துல சாப்பிடாம இருந்துடாதீங்க.”