மூடிய அறையில் மூன்றுக்கு இரண்டு

நவம்பர் 12

கைப்பேசிகளைக் கூடையில் போட்டுவிட்டு நகரமன்ற உறுப்பினர்கள் ஐந்து பேரும் உள்ளறைக்குப் போனோம். வெளியே ஒட்டிய அறிவிப்பில் இருந்தது ஒரே வரி: குப்பை வண்டித் தொழிலாளர் சம்பளப் பேச்சு. உள்ளே பேசியது வேறு. குப்பை அள்ளும் வேலையையே ஒரு தனியார் கம்பெனிக்குக் கொடுப்பது பற்றி. அறிவிப்பில் இல்லாததைக் கதவைச் சாத்திக்கொண்டு முடிவு செய்யக் கூடாது. கலிஃபோர்னியா சட்டம் இதில் தெளிவு. சொன்னேன்.

"எல்லாம் சம்பளம் சம்பந்தப்பட்டதுதானே, பேராசிரியரம்மா?" என்றார் மேயர் லிண்ட்க்விஸ்ட். நான் கல்லூரியில் வரலாறு நடத்துவதை ஒரு வியாதிபோலத்தான் குறிப்பிடுவார்.

மூன்றுக்கு இரண்டு, கம்பெனிக்கே. ஆதரித்து முதலில் கை தூக்கியவர் உறுப்பினர் ஹார்லன். வெளியே வந்து நகர வழக்கறிஞர் பிராதர் மைக்கில் சொன்னார்: "அறிவிக்க வேண்டிய முடிவு எதுவும் இல்லை."

நவம்பர் 13

ஒஃபேலியா வந்தாள். எங்கள் தெருவில் குப்பை வண்டி ஓட்டுகிறாள். அவள் மகளுக்கு நான் ஞானத்தாய். அந்த உறவில் என்னைக் கொமாத்ரே என்பாள்.

"கொமாத்ரே, உள்ள என்னடி பண்றீங்க? கதவைச் சாத்திட்டு சீட்டாடுறீங்களா?"

"சொல்லக் கூடாதுன்னு தெரியும்ல?"

"சொல்லவே வேணாம். வீடு வாங்குறோம்டி! இருபத்தேழாம் தேதி கடன் பத்திரத்துல கையெழுத்து."

நல்லது என்றேன். நல்லதாம்!

நவம்பர் 17

விடைத்தாள் திருத்த உட்கார்ந்தேன். ஒரே தாளைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். வேலை போகலாம் என்று அவள் காதில் மட்டும் போட்டுவிடலாம். அப்புறம்? மற்ற ஓட்டுநர்களுக்கெல்லாம் ஞானத்தாய் யார்?

நவம்பர் 19

பிராதரோடு போனில்.

"வாயைத் திறந்தீங்கன்னா, மேடம், நகரமே உங்க மேல வழக்குப் போடும்."

"அறிவிப்புல இல்லாததை முடிவு பண்ணினதுக்கு நகரத்து மேல யார் போடுவாங்க?"

"வாரக்கடைசியை நல்லா கழிங்க" என்று வைத்துவிட்டார். இன்று செவ்வாய்க்கிழமை.

நவம்பர் 26

இன்றைய மன்றக் கூட்டத்தில் பிராதர் மறுபடியும், "அறிவிக்க எதுவும் இல்லை."

என் மைக்கைத் திறந்தேன். "போன கூட்டத்துல குப்பை வேலையைக் கம்பெனிக்குக் குடுக்க வாக்கெடுத்தோம். அறிவிப்புல அது இல்ல. நான் வேண்டாம்னேன்."

லிண்ட்க்விஸ்ட், தன் மைக் திறந்திருப்பதை மறந்து: "ஏம்மா, உனக்கென்ன கிறுக்கா?" பார்வையாளர் வரிசையில் நாலே பேர். ஊருக்கு அது போதும்.

நவம்பர் 27

ஒஃபேலியா கையெழுத்துப் போடவில்லை. என் வீட்டு வாசலிலேயே நின்றாள்.

"அன்னைக்கே தெரியுமாடி உனக்கு?"

"தெரியும்."

"நல்லதுன்னு சொன்னே."

போய்விட்டாள்.

டிசம்பர் 10

முன்பு எடுத்த முடிவு செல்லாது என்று பிராதரே சொல்லவேண்டியதாயிற்று. மறு வாக்கெடுப்பு, திறந்த மன்றத்தில். நிற்க இடமில்லை. ஓட்டுநர்கள் வேலைச் சட்டையோடே வந்திருந்தார்கள். மேயரின் கை எழுந்தது, இன்னொன்றும் எழுந்தது. ஹார்லன் முன்வரிசையைப் பார்த்தார். அவர் தெருவில் குப்பை எடுப்பவர் அங்கே உட்கார்ந்திருந்தார். ஹார்லனின் கை மேசையிலேயே கிடந்தது. தீர்மானம் தோற்றது.

அடுத்து, உள்ளறை ரகசியத்தை உடைத்த என்னைக் கண்டித்து ஒரு தீர்மானம். நான்குக்கு ஒன்று. இதற்கு ஹார்லனின் கை உடனே எழுந்தது.

ஜனவரி 7

ஒஃபேலியா பார்த்த வீடு வேறு யாருக்கோ போய்விட்டதாம். அவள் மகள் சொன்னாள். ஒஃபேலியா இன்னும் என்னிடம் பேசவில்லை.

இன்று காலை குப்பைத் தொட்டியை வெளியே வைக்க மறந்துவிட்டேன். வண்டிச் சத்தம் கேட்டுச் சன்னலுக்கு ஓடினேன். தெருவோரத் தொட்டியை வண்டியின் இயந்திரக் கையே தூக்கும்; ஓட்டுநர்கள் இறங்கக் கூடாது என்பது விதி. ஒஃபேலியா இறங்கினாள். என் வீட்டுப் பக்கக் கதவைத் திறந்து தொட்டியை இழுத்துப் போனாள், கொட்டினாள், திரும்ப அதன் இடத்திலேயே கொண்டுவந்து வைத்தாள். சன்னல் பக்கம் பார்க்கவில்லை.