பாக்ஸ் சோதிக்கிற பாட்டு

ஞாயிறு.

இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. மலை ஊர்கள் பல சேர்ந்த தேவனூர் நாட்டுத் திருவிழாவுக்கு மைக்செட் கட்ட இன்று மலைக்குப் போனேன். பேஸ் ஸ்பீக்கர் பாக்ஸைச் சோதிக்க நான் எப்போதும் போடுவது பழைய அமெரிக்க ஃபங்க் குழு ஒன்றின் பாட்டு. அத்தா கேசட்டில் வைத்திருந்தது. பாக்ஸில் எங்காவது கிழிசல் இருந்தால் அந்த பேஸ் கிட்டார் உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

விழாக் கமிட்டித் தலைவர் வந்து நிறுத்தச் சொன்னார்.

“ஏனுங்க பாய், இப்ப எல்லாரும் கேக்கற அந்தப் பாப் பாடகி ஆல்பத்தைக் காப்பியடிச்ச பாட்டையா போடறீங்க?”

“இது அந்தப் பொண்ணு பொறக்கறதுக்கு முன்னாடியே வந்ததுங்க. இவங்க பாட்டைக் கேட்டுத்தான் அந்த ஆல்பமே போட்டேன்னு அந்தப் பொண்ணே ஒரு பேட்டியில சொல்லியிருக்குங்க.”

“அப்ப நாங்க ஏனுங்க இதைக் கேட்டதே இல்ல?”

பாடகியின் ஆல்பத்தையே போட்டேன். இளவட்டமெல்லாம் இறங்கி ஆடியது. யாரிடமும் சொல்லாமல், நடுவில் பழைய பாட்டின் பேஸ் கிட்டார் பகுதிக்கு மாற்றிவிட்டேன். ஒருவரும் ஆட்டத்தை நிறுத்தவில்லை. முன்னைவிட வேகமாக ஆடினார்கள்.

தலைவர் சிரித்தபடி என் பக்கம் திரும்பினார். “பார்த்தீங்களா பாய், அந்தப் பொண்ணு பாட்டை! ஒரிஜினல்னா ஒரிஜினல்தானுங்க.”

அவர் முகத்தைப் பார்க்காமல் சத்தத்தைக் கூட்டி வைத்தேன்.