பெரியவர் உட்கார்ந்துவிட்டார்

அன்புள்ள அப்பாவுக்கு,

அம்மாவும் தம்பியும் தூங்கிய பிறகு, சமையலறைத் தரையில் டார்ச் வெளிச்சத்தில் எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் திட்டாதீர்கள்.

எல்லோரும் நலம். தம்பிக்கு முன்பல் விழுந்துவிட்டது. வீட்டு நாயைப் போய் 'பெரியவர்' என்கிறாயே என்று தோழிகள் சிரித்தார்கள். பட்டாளத்தில் அவருக்கு எங்கப்பாவைவிட ஒரு பதவி கூடுதல், எங்கப்பாவே சல்யூட் அடிப்பார் என்று சொல்லி வாயை அடைத்தேன்.

ஆனால் பெரியவர் சரியில்லை. அம்மா பரணைச் சுத்தம் செய்து, உங்கள் தகரப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் வைத்தாள். மூன்று நாளாக அதன் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். குரைக்கவில்லை, முனகவில்லை. வெடிமருந்து வாசம் கிடைத்தால் இப்படித்தான் அசையாமல் உட்காருவார், யாரும் கிட்டப் போகக்கூடாது என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? அம்மாவிடம் சொன்னேன். "ரிட்டயர் ஆகியும் அவருக்கு வேலை ஞாபகம்டி, உங்கப்பாவுக்கு ஏத்த ஜோடி" என்று சிரித்துவிட்டு அந்தக் கட்டிலிலேயே படுத்துக்கொண்டாள். புழுக்கம் என்று பொய் சொல்லித் தம்பியின் பாயை மட்டும் முன்னறைக்கு இழுத்துவிட்டேன்.

போலீஸிடம் சொல்லலாமா என்று நினைத்தேன். பெட்டியைக் கொண்டுவந்தது நீங்களாயிற்றே, உங்களைப் பிடித்துக்கொண்டு போனால்? ஒன்றும் புரியவில்லை அப்பா.

போன லீவில் நீங்கள் வாசலில் கால் வைத்ததும் பெரியவர் உங்கள் பூட்ஸை மோந்து அங்கேயே உட்கார்ந்தார். நீங்கள் அவரை அதட்டி அன்றுதான் பார்த்தேன். பிறகு அந்த பூட்ஸையும் சட்டையையும், பெரியவருக்குப் பிறகு உங்களுக்குக் கொடுத்த புது நாய் சின்னவரின் கழுத்துப்பட்டையையும் பெட்டியில் வைத்துப் பூட்டினீர்கள். கதவிடுக்கில் பார்த்தேன். பட்டை இங்கே இருந்தால் சின்னவர் அங்கே எதைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறார்? அவர் எப்படி இருக்கிறார் என்று கேட்டதற்கு, "தூங்கு" என்று விளக்கை அணைத்துவிட்டீர்கள்.

பெரியவர் சரியாகக் கண்டுபிடித்தால் உடனே பரிசாகப் பந்து தரவேண்டும், தராவிட்டால் அவர் மனசு விட்டுப்போகும். தப்புக்குத் தந்தால் பொய் சொல்லப் பழகிவிடுவார் என்பீர்கள். மூன்று நாளாக என் கையையே பார்க்கிறார். பந்து என் பாவாடைப் பையில்தான் இருக்கிறது. அவர் சொல்வது சரியா, தப்பா?

பெட்டியை நான் திறக்கமாட்டேன். 'கொடு' என்று ஒரு வார்த்தை எழுதுங்கள், போதும். வேறெதுவும் கேட்கமாட்டேன், சின்னவரைப் பற்றிக்கூட.

நீங்கள் மட்டும், முன்னால் நாய் போகாத இடத்தில் கால் வைக்காதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் மகள்