ஏழு வருஷம் முன்கூட்டியே திறந்த பாட்டில்

மே 16, வியாழன்

வெளியே 41 டிகிரி. பெட்டிக்குள் 14. கரண்ட் இரண்டு தடவை போனது.

பெட்டி என்றால் பழைய சின்ன ஃப்ரிட்ஜ். தெர்மோஸ்டாட் நானே மாற்றியது. உள்ளே ஒரே பொருள்: கவிதாவின் ஆபீசிலிருந்த இத்தாலிக்காரர் எங்கள் கல்யாணத்துக்குக் கொடுத்த சிவப்பு ஒயின். பத்து வருஷம் வைத்துத் திறக்கணுமாம். பாட்டிலில் டேப் ஒட்டி அவள் எழுத்து: "பத்தாவது கல்யாண நாள். அதுவரைக்கும் கை வெச்சா கை இருக்காது."

கல்யாணமாகி மூணு வருஷம். அவள் போய்ச் சேர்ந்து ஞாயிறோடு ஒரு வருஷம்.

மே 17, வெள்ளி

பொதட்டூர்பேட்டையிலிருந்து அத்தை, கவிதாவின் அம்மா, வந்தார்; கூட மச்சான் முரளி. ஞாயிறு படையலுக்கு லிஸ்ட்: வடை, புளியோதரை, நுங்கு, மாங்காய், புதுப்புடவை. எல்லாம் அவளுக்குப் பிடித்தது.

பெட்டியில் மாவு வைக்கலாமா என்று அத்தை. வேண்டாம் என்றேன். ஒத்த பாட்டிலுக்கு ஒரு ஃப்ரிட்ஜா என்று முணுமுணுப்பு. மூணு தடவை.

மே 19, ஞாயிறு

பூ வாங்கப் போனேன். மலைக்கோயிலுக்குப் போகிற வேன்கள், முக்கால் மணி நேரம் நகரவில்லை. திரும்பினால் இலை போட்டாச்சு. வடைக்குப் பக்கத்தில் டம்ளர். கருஞ்சிவப்பு. பாட்டில் திறந்து கிடக்கிறது.

"நான்தான் தொறக்க சொன்னேன் மாப்ள. அவ்ளோ பத்திரமா வெச்சிகினு இருந்தா. மூடி வெச்சா எப்டி குடிப்பா?"

முரளிக்குப் பெருமை வேறு. "ஸ்க்ரூ ஏத்தி கட்டிங் பிளேயர்ல இழுத்தேன் பாவா. ஒரு சொட்டு சிந்தல."

கற்பூரம் காட்டினேன்.

அப்புறம் டம்ளர் என் கைக்கு வந்தது. ஒரு வாய். பச்சை வாழைக்காயைக் கடித்த மாதிரி, ஈறு வரைக்கும் துவர்ப்பு. பின்னாலேயே புளிப்பு. வாசனை மட்டும் வேற. காய்ந்த ரோஜா மாலை, புதுசாய்ப் போட்ட தார் ரோடு.

கெட்டுப்போச்சு, சர்க்கரை போடலாம் என்றான் முரளி. கெடவில்லை. இன்னும் பக்குவம் ஆகவில்லை. யாருக்கு விளக்க.

மே 20, திங்கள்

வெளியே 40. பெட்டி 14. எதற்குப் பார்த்தேன்.

மீதியில் ஒரு வாய். ஒரு நாள் காற்றுக்கே துவர்ப்பு இளகியிருக்கிறது. அதற்கும் எரிச்சல்.

கிளம்பும்போது அத்தை டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவளுக்கு புடிச்சிருக்குமா?"

இலையில் வைக்கும் முன்னாடி கேட்டிருக்கலாம். தெரியல அத்தை, அவ ஒரு நாளும் குடிச்சதில்ல என்றேன். சேர்ந்துதான் குடிச்சுப் பார்க்கிறதாக இருந்தோம்.

டம்ளரை வாங்கி ஒரு வாய் குடித்தார். முகம் கோணியது. ரொம்ப நேரம் விழுங்கவில்லை.

"துப்பியிருப்பா மாப்ள."

ஆங். துப்பியிருப்பாள்.

டேப்பை உரித்து இந்த டைரிப் பக்கத்தில் ஒட்டப் பார்த்தேன். டேப்பில் பாட்டில் ஈரம். ஒட்ட மாட்டேன் என்கிறது.